வீட்டு எலிப்பொறியைத் திருத்தி அமைக்கும் முறை

இரவில் பொறிக்குள் வைத்த மசால் வடை காலையில் காணாமற்போயிருக்க, கதவு மட்டும் திறந்தபடியே நிற்பதைக் கண்டவர்கள் எலியின் சாமர்த்தியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அங்கே சாமர்த்தியம் எதுவும் இருப்பதில்லை. நம் சமையலறைகளில் நடமாடும் சுண்டெலி 12 முதல் 25 கிராம் வரையே எடை உள்ளது. பரணிலும் ஓட்டின் அடியிலும் ஓடும் வீட்டெலியோ வளர்ந்தபின் 100 முதல் 200 கிராம் வரை இருக்கும். கடையில் கிடைக்கும் மரப்பெட்டிப் பொறியின் அளவும் அதன் ஸ்பிரிங்கும் இந்தப் பெரிய எலிக்குப் பொருந்துபவை. வீட்டெலி இழுத்தால் விடுபடும் கொக்கி, சுண்டெலி கொறித்தால் அசைவதுகூட இல்லை. ஆகவே பொறியைத் திருத்த விரும்புகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது ஸ்பிரிங்கை அல்ல. கொக்கியும் தாழ்க்கம்பியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் சில மில்லிமீட்டர் இடத்தைத்தான்.

மரப்பெட்டிப் பொறி இயங்கும் விதத்தை ஒருமுறை மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. பெட்டியின் வாசலில், மேல் விளிம்பில் கீல் வைத்த கதவு ஒன்று இருக்கிறது. அதை மூடிய நிலையிலேயே வைத்திருக்கப் பார்ப்பது ஸ்பிரிங். கதவைத் தூக்கி, அதனோடு இணைந்த நீளமான தாழ்க்கம்பியைக் கூரைப் பலகையின் மேல் படுக்கவைத்து, அதன் நுனியைப் பின்பக்கம் உள்ள கொக்கியின் மேல்முனையில் மாட்டுகிறோம். கொக்கி, கூரைப் பலகையில் வெட்டிய துளை வழியே பெட்டிக்குள் இறங்கித் தன் கீழ்முனையில் இரையைத் தாங்குகிறது. எலி இரையைக் கவ்வித் தன் பக்கம், அதாவது வாசல் பக்கமாக இழுத்தால், கொக்கியின் மேல்முனை எதிர்த்திசையில் சாய்ந்து கம்பியை விடுவிக்கும், கதவு விழும். எலி இரையைப் பின்பக்கமாகத் தள்ளினால் கொக்கி இன்னும் நன்றாக மாட்டிக்கொள்ளுமே தவிர விடாது. இரைக்கு அப்பால் நுழைந்து, திரும்பி நின்று தின்னும் அளவுக்கு உடல் சிறுத்த சுண்டெலி தப்பிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருத்துவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும்; அதற்குத் தராசு தேவையில்லை. 2011-இல் அறிமுகமான வரிசையைச் சேர்ந்த ஒரு ரூபாய் நாணயம் ஏறத்தாழ 3.8 கிராம் எடை உள்ளது. பொறியை மேசையின் விளிம்பில், வாசல் வெளியே பார்க்கும்படி வைத்து, இரை இல்லாமல் கதவை ஏற்றி மாட்டுங்கள். கொக்கியின் கீழ்முனையில் ஒரு நூலைக் கட்டி, வாசற்படியில் கிடத்திய உருண்டையான பென்சிலின் மேல் அதை வழியவிட்டு, தொங்கும் முனையில் சிறிய பாலிதீன் பையைக் கட்டி, அதற்குள் நாணயங்களை ஒவ்வொன்றாக மெதுவாக இடுங்கள். கதவு விழும்போது எத்தனை நாணயங்கள் உள்ளே இருக்கின்றனவோ, அதுவே உங்கள் பொறியின் தூண்டு எடை. பத்து நாணயங்களைப் போட்டும் கதவு அசையாத பொறியில் சுண்டெலியை எதிர்பார்ப்பது வீண். இரண்டு அல்லது மூன்று நாணயங்களுக்கு விழும்படி செய்வதே இலக்கு. ஒன்றுக்கே விழுந்தால் அறைக் கதவைத் தட்டிச் சாத்தும் அதிர்வுக்கும் விழுந்துவிடும்.

எடை அதிகமாக இருப்பதற்குக் காரணம் உராய்வு. அது மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, கூரைப் பலகையின் துளை. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும்போது துளை சுருங்கிக் கொக்கியின் இருபக்கமும் உரசத் தொடங்கும். கோடையில் நன்றாக வேலை செய்த பொறி ஐப்பசியில் மக்கர் செய்வது இதனால்தான். தட்டை அரத்தால் துளையின் பக்கச் சுவர்களைச் சற்றுத் தேய்த்து, இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டபின், உட்புறம் மெழுகுவத்தியை அழுத்தித் தடவினால் ஈரம் இறங்காது. எண்ணெய் விடுவதைத் தவிர்க்கலாம். எந்த எண்ணெயிலும் தூசி படியும்.

இரண்டாவது இடம் கொக்கியும் கம்பியும் தொடும் முகம். புதிய பொறியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கம்பியை வெட்டிய நுனியில் கூரான பிசிறு நிற்பதும், கொக்கியின் வளைவில் அது பதிந்து கீறல் விழுந்திருப்பதும் தெரியும். கதவைப் பிடித்துவைப்பது பாதி நேரம் அந்தப் பிசிறுதான். நுனியை அரத்தால் தட்டையாக்கி, 400-ஆம் எண் உப்புத்தாளால் விரல் வழுக்கும் வரை தேய்த்து, கொக்கியின் உள்வளைவையும் அதே தாளைச் சுருட்டித் தேய்க்க வேண்டும். பிறகு, கம்பியின் நுனி கொக்கிக்குள் நுழையும் ஆழத்தைக் குறைக்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் நுழைந்திருந்தால் அவ்வளவு தூரமும் நழுவிய பிறகே கதவு விழும். அது ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டராக இருந்தால் போதும். நுனியைச் சிறிது சிறிதாக அராவி, ஒவ்வொரு முறையும் நாணயச் சோதனையைச் செய்துகொண்டே போக வேண்டும், ஏனெனில் அராவியதை ஒட்ட வைக்க முடியாது.

மூன்றாவது காரணம் ஸ்பிரிங். இதில்தான் பலர் தலைகீழாகச் செயல்படுகிறார்கள். எலி தப்பிவிட்டது, கதவு மெதுவாக விழுகிறது என்று எண்ணி ஸ்பிரிங்கை இன்னொரு சுற்று முறுக்கிவிடுகிறார்கள். ஸ்பிரிங் எவ்வளவு வலுவாக இழுக்கிறதோ, அவ்வளவு அழுத்தத்தோடு தாழ்க்கம்பி கொக்கியின்மேல் உட்காரும்; அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும்; கொக்கியைச் சாய்க்க எலிக்கு அதிக பலம் வேண்டியிருக்கும். வேகமாக மூடும் கதவு வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை வலுவாக்குவதைவிடக் கதவின் எடையைக் குறைப்பதே சரியான வழி. தடித்த மாம்பலகைக் கதவை எடுத்துவிட்டு, எண்ணெய் டின்னின் பக்கத் தகட்டை வெட்டி, கையைக் கிழிக்காதபடி ஓரங்களை மடித்துப் பொருத்தினால், தளர்ந்த ஸ்பிரிங்கே அதைச் சட்டென்று மூடிவிடும். எலி உள்ளிருந்து முட்டித் திறக்குமே என்ற அச்சத்துக்கு எளிய பரிகாரம் உண்டு: கதவின் அடி விளிம்பு வந்து அமரும் வாசற்படியில், பொத்தான் அளவுள்ள வலுவான காந்தங்கள் இரண்டைப் பசையிட்டுப் பதித்துவிடலாம். டின் தகடு இரும்பாதலால் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அலுமினியத் தகட்டில் இது நடக்காது.

வீட்டெலிக்குப் பொறி வைப்பவர்கள் வாலையும் கணக்கில் எடுக்க வேண்டும். வீட்டெலியின் வால் அதன் உடலைவிட நீளமானது. ஓரடிக்கும் குறைவான பெட்டியில் தலை இரையை எட்டும்போது வாலின் பெரும்பகுதி வாசலுக்கு வெளியே கிடக்கும். கதவு வாலின்மேல் விழுந்து இடுக்கு விட்டு நிற்கும், எலி அந்த இடுக்கில் பல்லை வைக்கும். கதவின் அடி விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி ஒட்டினால், வால் கிடக்கும் இடத்தில் மட்டும் ரப்பர் வளைந்துகொடுக்கும், மற்ற இடத்தில் கதவு படிந்து நிற்கும். காந்தம் பதித்த இடத்தை மட்டும் ரப்பர் மறைக்காதபடி விட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னவை இருக்கும் கொக்கியையே மெருகேற்றும் வேலைகள். சுண்டெலித் தொல்லை மட்டும் உள்ளவர்கள் இன்னும் ஒரு படி போய், இழுத்தால் விழும் பொறியை மிதித்தால் விழும் பொறியாக மாற்றிவிடலாம். என் கருத்தில் எல்லாத் திருத்தங்களிலும் அதிகப் பயன் தருவது இதுவே. இழுப்பதா கொறிப்பதா என்பது எலியின் விருப்பம். இரையை நெருங்க வேண்டுமானால் நடந்து வந்தே ஆக வேண்டும்.

இனிப்புப் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியிலிருந்து 9 செ.மீ. நீளமும், பெட்டியின் உள் அகலத்தைவிட நான்கு மில்லிமீட்டர் குறைவான அகலமும் உள்ள தகடு ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். வாசலை நோக்கிய விளிம்பின் அடியில் பால்பாயிண்ட் பேனாவின் காலி ரீபிளை ஒட்டி, அதற்குள் மெல்லிய, துருப்பிடிக்காத கம்பியைச் செருகி, கம்பியின் இரு முனைகளையும் பெட்டியின் பக்கப் பலகைகளில், தரையிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் துளையிட்டுப் பொருத்தினால் தகடு தடையின்றி ஆடும். இனி கொக்கியின் கீழ்முனையைக் குறடால் பிடித்து, பின்பக்கத்தை நோக்கி இரண்டு செ.மீ. நீளத்துக்குப் படுக்கையாக வளைத்துவிடுங்கள். தகட்டின் பின் விளிம்பு தரையிலிருந்து ஒரு செ.மீ. உயர்ந்து நிற்கும்படி, அதன் நடுவில் துளையிட்டு நூல் கோத்து, வளைத்த கொக்கியின் நுனியில் கட்டுங்கள். தகடு தாழ்ந்தால் நூல் கொக்கியின் நுனியைக் கீழே இழுக்கும். கொக்கி வாசல் பக்கமாகச் சுழலும். மேல்முனை கம்பியை விட்டுவிடும். நூல் தளர்வாக இருக்கக் கூடாது. ஒரு செ.மீ. தாழ்வில் பாதி தூரம் நூலை நிமிர்த்துவதிலேயே போய்விட்டால் கதவு விழாது.

தகட்டுக்கு உலோகத்தைப் பயன்படுத்தாததற்குக் காரணம் அதன் எடை. அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத்தில் இதே அளவுத் தகடு ஏறத்தாழ 10 கிராம் இருக்கும். அதில் பாதி எப்போதும் நூலில் தொங்கிக் கொக்கியை இழுத்துக்கொண்டே இருக்கும், ஒரு சிறு அதிர்வே மிச்சத்தைச் செய்துவிடும். பிளாஸ்டிக் தகடு இதில் மூன்றில் ஒரு பங்குதான். அதன் மேற்பரப்பு வழுக்கினால் எலி தயங்கும் என்பதால் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிவிடுவது நல்லது. சோதனை முன்பு போலத்தான்: தகட்டின் நடுவில் மூன்று நாணயங்களை அடுக்கினால் கதவு விழ வேண்டும், ஒன்றை வைத்தால் விழக்கூடாது. நடுவில் வைக்கும் எடையில் பாதியே நூலுக்குப் போவதால், கொக்கி நன்கு மெருகேறியிருந்தால் மட்டுமே இந்தச் சோதனையில் தேறும். மெருகேற்றும் வேலையை முதலில் சொன்னது இதற்காகத்தான்.

மிதிதகடு வைத்த பொறியில் இரையைக் கொக்கியில் மாட்டுவதில்லை; பின்சுவரில், தகட்டின் பின் விளிம்புக்கு அப்பால் வைக்கிறோம். பின்புறம் வெறும் கம்பிகளாக இருந்தால், வெளியே நின்றபடியே எலி இரையை இழுத்துத் தின்றுவிடும். ஆறு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே சுண்டெலியின் தலை நுழைந்துவிடும் என்பதால் அதைவிட நெருக்கமான வலையை அங்கே அடித்துவிட வேண்டும். மசால் வடைக்குப் பேர் பெரிதே ஒழிய, இரையாக அது சுமார்தான். உதிர்ந்து வாசல் வரை சிதறும், சிதறியதைத் தின்றே எலி வயிற்றை நிரப்பிக்கொண்டு போய்விடும். தணலில் சுட்ட தேங்காய்ச் சில்லு உதிராது, வாசனையும் தூரம் போகும். வறுத்த வேர்க்கடலையை இடித்துப் பசையாக்கிப் பஞ்சில் தடவிக் கட்டுவதும் நன்றாக வேலை செய்கிறது, ஏனெனில் சுண்டெலி கூடு கட்டப் பஞ்சைப் பிய்த்துக்கொண்டு போகும் வழக்கமுடையது. கருவாடு எறும்பையும் பூனையையும் சேர்த்தே அழைக்கும்.

மரப்பலகையில் ஸ்பிரிங் பொருத்திய அடிபொறி வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் ஹூக்கர் 1894-இல் காப்புரிமை பெற்றதும், பென்சில்வேனியாவின் ஜான் மாஸ்ட் 1903-இல் திருத்திக் காப்புரிமை பெற்றதுமான அமைப்புதான் இன்றும் ஏறக்குறைய அப்படியே விற்பனையாகிறது. அதில் இரை வைக்கும் தகடு கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. அதன்மேல் நான்கு செ.மீ. சதுரமான பிளாஸ்டிக் துண்டை, அடிக்கும் கம்பி விழும் பாதையில் படாதபடி ஒட்டினால், எலி எந்தப் பக்கத்திலிருந்து மிதித்தாலும் பொறி விழும். பொறியைச் சுவருக்கு இணையாக வைக்காமல் குறுக்காக, இரைத் தகடு சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை வெளிப்படையாக வைப்பதைவிட, நான்கு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுக்குள் வைத்தால் விரல்கள் தப்பும். கம்பி நிமிர்ந்து விழக் குழாயின் உயரம் போதுமா என்பதை வெறும் பொறியை ஒருமுறை குச்சியால் தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பசை அட்டையில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. எலியோடு பல்லியும் அணிலும் மாட்டி மணிக்கணக்கில் துடித்துச் சாகும் அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

இவ்வளவு செய்த பொறியையும் அறையின் நடுவில் வைத்தால் பயனில்லை. எலிகள் மீசை முடி சுவரில் உரசும்படி ஓரமாகவே ஓடும். அரிசிப் பானைக்குப் பின்னாலும் கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் இடையிலும் புழுக்கை கிடக்கும் தடமே பொறியின் இடம். வீட்டெலி புதிய பொருளைக் கண்டால் சில நாள் விலகியே போகும் என்பதால், கதவு விழாதபடி கட்டிவைத்து, மூன்று நான்கு இரவுகள் வெறுமனே தின்னவிட்டு, அதன்பின் பொறியை ஏற்ற வேண்டும். சுண்டெலிக்கு அந்தக் கூச்சம் குறைவு. அதற்கு முதல் இரவே ஏற்றிவிடலாம். ஆனால் அது நெடுந்தூரம் சுற்றாததால், ஒரே பொறியை இடம் மாற்றிக்கொண்டிருப்பதைவிட இரண்டு மூன்று பொறிகளை இரண்டு மீட்டர் இடைவெளியில் வைப்பது விரைவில் பலன் தரும்.

எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும் என்பதால், பொறியை எப்போதும் கையுறையோடு தொட்டு, எலி சிக்கிய ஒவ்வொரு முறையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். காய்ந்தபின் துளையில் மெழுகைப் புதிதாகத் தடவி, நாணயங்களை வைத்துப் பார்த்துவிட்டே மறுபடி ஏற்ற வேண்டும். பொறியைக் காலையும் மாலையும் பார்ப்பது அவசியம். சில வேளைகளில் உள்ளே நீண்ட கூர்மூக்கோடு கீச்சிடும் மூஞ்சூறு இருக்கும். அது எலி இனமன்று. கரப்பானையும் பூச்சிகளையும் தின்று வாழ்வது, சில மணி நேரப் பட்டினியைக்கூடத் தாங்காதது. கதவைத் தூக்கிக் கொல்லைப்புறத்தில் அதைப் போகவிடுங்கள்.