வெளிநாட்டிலிருந்து திரும்பியவரின் காய்ச்சல்: மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் இன்று வைத்தியசாலை விடுதிகளில் வேலை செய்யும் உள்ளகப் பயிற்சி மருத்துவர்களில் பெரும்பாலானோர் ஒரு மலேரியா நோயாளியைக்கூட நேரில் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். உள்நாட்டிலேயே பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார், 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்றிதழும் தந்தது. ஆனால் நோய் வெளியிலிருந்து வருவது நிற்கவில்லை. ஆபிரிக்காவுக்கு மாணிக்கக்கல் வாங்கப் போகிறவர்கள், ஐ.நா. அமைதிப்படையில் இருந்துவிட்டு வருகிறவர்கள், இந்தியாவிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்கள் என்று ஒவ்வொரு வருடமும் சிலர் அந்தக் கிருமியோடு வருகிறார்கள். பரப்பும் நுளம்பு இங்கே அப்படியேதான் இருக்கிறது. 1963இல் வெறும் 17 நோயாளிகள் என்ற நிலைக்கு வந்த நாடு, 1969இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அதனால்தான் ஒரே ஒரு நோயாளியைத் தவறவிடுவதுகூடச் சின்ன விஷயமில்லை.

தவறு பெரும்பாலும் கேள்வியிலேயே தொடங்குகிறது. “வெளிநாடு போனீங்களா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். புத்தகயாவுக்கு யாத்திரை போனதையோ, சென்னையில் அக்கா வீட்டில் ஒரு மாதம் இருந்ததையோ பலர் வெளிநாட்டுப் பயணமாக நினைப்பதில்லை. “ஐயா, போன ஒரு வருசத்தில இலங்கைக்கு வெளியில எங்கயாவது இரவு தங்கினீங்களா? எப்ப திரும்பி வந்தீங்க?” என்று கேட்டுப் பாருங்கள், பதில் மாறும். இன்னொரு வகையினர் தெரிந்தே மறைப்பார்கள். ஐரோப்பா போகலாம் என்று முகவரை நம்பி மேற்கு ஆபிரிக்காவில் மாட்டிக்கொண்டு திரும்பியவர், விடுதியில் பத்துப் பேர் கேட்க அதைச் சொல்வாரா? அவரைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். இது பொலிசுக்குப் போகாது, மருந்து கொடுக்கத்தான் கேட்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பதில் கிடைத்தாலும் அது உரியவரிடம் போய்ச் சேர வேண்டுமே! 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் டலஸ் நகரில், லைபீரியாவிலிருந்து வந்த ஒருவர் காய்ச்சலோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். எங்கிருந்து வந்தார் என்பதைத் தாதி எழுதி வைத்திருந்தும் அவரை அன்டிபயோட்டிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாளில் அம்புலன்சில் திரும்பி வந்தார். எபோலா. அவர் இறந்தார், அவரைப் பராமரித்த இரண்டு தாதியருக்கும் தொற்றியது. போன நாடும் திரும்பிய தேதியும் நோயாளிக் குறிப்பின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எங்கள் நாட்டில் மிக ஆபத்தான தவறு, மலேரியாவை டெங்கு என்று நினைத்துவிடுவதுதான். டெங்கு இங்கே எப்போதும் இருக்கிறது, குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) குறைந்ததைக் கண்டதும் கை தானாகவே ‘டெங்கு’ என்று எழுதிவிடுகிறது. மலேரியாவிலும் சிறுதட்டுகள் குறையும். டெங்குப் பரிசோதனை பொசிட்டிவ் என்று வந்தாலும் மலேரியா இல்லை என்று ஆகிவிடாது, இரண்டும் சேர்ந்தே வரலாம். பாடப்புத்தகத்தில் படித்த ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சலை எதிர்பார்த்துக் காத்திருப்பதும் வீண். பல்சிபாரம் என்ற கொடிய மலேரியா வகையில் தொடக்கத்தில் எந்த ஒழுங்கும் தெரியாது, ஆனால் ஓரிரு நாளிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிவிடும். மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றே குருதி எடுக்க வேண்டும்.

அந்தப் பரிசோதனை ஒரு தடவை ‘நெகட்டிவ்’ என்றால் சரி, முடிந்தது என்று கோப்பை மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று தடவையாவது பார்க்க வேண்டும். கண்ணாடித் தட்டில் பூசிய குருதியில் தடித்த படலமும் மெல்லிய படலமும் சேர்ந்தே வேண்டும்: தடித்ததில் கிருமி இருக்கிறதா என்று தெரியும், மெல்லியதில் எந்த வகை என்று தெரியும். விரைவுச் சோதனைப் பட்டையை மட்டும் நம்பக்கூடாது. எரித்திரியா போன்ற இடங்களில் அந்தப் பட்டை தேடும் புரதமே இல்லாத பல்சிபாரம் கிருமிகள் இருக்கின்றன.

காலக்கணக்கிலும் தடுமாறுகிறோம். வந்து இரண்டு நாள்தானே, அல்லது வந்து ஆறு மாதம் ஆகிவிட்டதே என்று இரண்டு பக்கமும் தள்ளிவிடுகிறோம். பல்சிபாரம் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் வெளிப்படும். வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா வகை ஈரலில் உறங்கிக் கிடந்து பல மாதம் கழித்தும் எழும். அதற்குக் குளோரோகுயினோடு, உறங்கும் கிருமியைக் கொல்ல 14 நாள் பிரைமாகுயினும் வேண்டும், அதற்கு முன் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுவார். ஏன் 14 நாள் என்று முதல் நாளே விளக்காவிட்டால் அவர் மறுபடி வருவார்.

காய்ச்சலே இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரொஞ்சிலோயிட்ஸ் என்ற குடற்புழு உடலில் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். இயோசினோபில் என்ற வெண்குருதிக் கலங்கள் கூடியிருப்பதைக் கவனிக்காமல் அப்படிப்பட்டவருக்கு ஸ்டீரொயிட் தொடங்கினால் அது உடலெங்கும் பரவி உயிரையே எடுக்கலாம்.

பயிற்சி கொடுக்கும் எங்களுக்கும் இதில் பங்குண்டு. போதனா வைத்தியசாலையில் ஒரு விரிவுரை, கையெழுத்து, தேநீர், அத்தோடு சரி. நோயாளி முதலில் போவது வீட்டுக்குப் பக்கத்துத் தனியார் கிளினிக்குக்கு. அங்கே இருக்கும் டொக்டரை யாரும் கூப்பிடுவதில்லை. ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரையும் மறந்துவிடுகிறோம், வருடக்கணக்கில் கிருமியைக் காணாத கண்ணுக்கு அது எளிதில் தட்டுப்படாது. பழைய படலங்களை அவர்களுக்கு அவ்வப்போது அனுப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கிளினிக் டொக்டர்களோடு தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளின் கதைகளை, பெயர் சொல்லாமல், முதல் நாளிலிருந்து எடுத்துப் பேச வேண்டும்: எந்தக் கேள்வி கேட்கப்படவில்லை, எந்தப் பரிசோதனை தள்ளிப்போனது என்று. மலேரியா தடை இயக்கம் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகவே தருகிறது. அதன் தொலைபேசி இலக்கத்தை மேசைக்கு எதிரே, கண்ணில் படுகிற மாதிரி ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.