மார்கழிப் பனியில் வீட்டுத் தோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனிமழை, உறைபனி, மூடுபனி, இலைமேல் நிற்கும் பனித்துளி ஆகிய நான்கையும் நாம் 'பனி' என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டுவிடுகிறோம். வேலூர் வட்டார வீட்டுத் தோட்டங்களில் குளிர்காலத்தில் நேரும் தவறுகளுள் பாதி, இந்தக் குழப்பத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் எண்ணம்.

நவம்பர் பிறந்ததும், பனி கொட்டும் நாடுகளில் செடிகளைப் போர்த்திப் பாதுகாக்கும் காணொளிகள் கைப்பேசியில் வலம்வரத் தொடங்குகின்றன. அங்கே வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது இலைத் திசுக்களிலுள்ள நீர் உறைந்து அவற்றைச் சிதைத்துவிடும் என்பதால், போர்வை தேவைப்படுகிறது. நம் மாநிலத்தில் உதகைக்கும் அது பொருந்தும். வேலூரிலோ மார்கழி விடியற்காலை 18 டிகிரியை ஒட்டி நிற்கும், நண்பகலில் 28 டிகிரியைத் தாண்டிவிடும். அதைக் கருதாமல் மொட்டைமாடித் தொட்டிகளைப் பாலித்தீன் தாளால் மூடிவைப்பவர்கள், இரவில் ஈரத்தையும் பகலில் வெக்கையையும் உள்ளே அடைத்துச் செடியை அவித்துவிடுகிறார்கள். இங்கே செடிக்குப் பகை குளிரன்று, இலையில் விடிய விடியத் தங்கும் ஈரமே.

பனி 'விழுகிறது' என்று சொன்னாலும் பனித்துளி மேலிருந்து விழுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர, அதைத் தொடும் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் துளியாகப் படிகிறது. வேப்பமரத்தடியிலோ தாழ்வாரத்திலோ இருக்கும் தொட்டி நனையாமல் இருப்பதற்கும், திறந்தவெளியில் உள்ளது சொட்டச் சொட்ட நிற்பதற்கும் காரணம் இதுவே.

எப்படியும் பனியில் நனையப்போகும் இலைக்கு மாலையில் மேலும் தண்ணீர் தெளிப்பதைவிடப் பெரிய தவறு வேறில்லை. காட்பாடியில் என் வீட்டுப் பீர்க்கங்கொடிக்கு, வேலை முடிந்து வந்த களைப்பு தீர ஏழு மணிக்குக் குழாயைப் பிடித்து ஊற்றியே ஒரு கார்த்திகையில் அதைக் கெடுத்தேன். முதலில் நரம்புகளுக்கிடையே கட்டம் கட்டினாற்போல் மஞ்சள் திட்டுகள் தோன்றின. இலையைத் திருப்பிப் பார்த்தபோது அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த மெல்லிய பூஞ்சை படர்ந்திருந்தது. அது அடிச்சாம்பல் நோய் என்பதை அறியாமல், சாம்பல் நோய்க்கு அடிக்கும் கந்தகத்தை நான் தெளித்தேன். நோயும் நிற்கவில்லை, இலை ஓரங்களும் கருகின. சாம்பல் நோய் என்றால் இலையின் மேற்புறத்தில் முகப்பவுடர் பூசியதுபோல் வெண்பொடி இருக்கும், விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வரும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் மருந்து வாங்குவது வீண்செலவு. அதோடு, பூசணிக் குடும்பக் கொடிகள் பலவற்றுக்குக் கந்தகம் ஒத்துக்கொள்வதில்லை. தண்ணீரைக் காலையில், இலை நனையாமல் வேரில் ஊற்றுவதே முறை.

பனிதான் பெய்கிறதே என்று தண்ணீரை அடியோடு நிறுத்துவதும் தவறுதான், ஏனெனில் பனித்துளி மேல்மண்ணை மட்டும் கறுக்கச் செய்யும், வேர்வரை இறங்காது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றலாம்.

வேப்பெண்ணெய்க் கரைசலைப் பனி உலர்வதற்குமுன் தெளித்தால், மருந்து நீர்த்துத் துளியோடு வழிந்துவிடும். அடுப்புச் சாம்பல் இதற்கு நேர்மாறானது: அவரையின் நுனிக்கொழுந்தில் கறுப்பாக அப்பிக்கிடக்கும் அசுவினிப் பூச்சிமீது அதைப் பனியோடு தூவினால்தான் ஒட்டும். நம் ஊர்ப் பாட்டிமார் விடியலில் முறத்தோடு அவரைப் பந்தலடிக்குப் போனது அதனால்தான்.

பழைய கணக்கில் மார்கழியும் தையும் முன்பனி. அந்தக் கணக்கை மட்டும் நம்பி எல்லா விதையையும் ஒரே நாளில் தூவிவிடுவது இப்போது சரிப்படுவதில்லை. ஐப்பசியிலேயே வானம் வெளுத்துப் பனி தொடங்கும் ஆண்டும் உண்டு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்ததுபோல மழை பின்தங்கும் ஆண்டும் உண்டு. 2021 பொங்கல் வேளையில்கூட மழை விடவில்லை. இலவம்பாடி முள்ளுக் கத்தரி விதைப்பதானாலும், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக விதைத்து, நாற்றுத்தட்டை மழைச்சாரல் படாத, ஆனால் காலை வெயில் விழும் இடத்தில் வைத்தால், ஒரு தவணை நாற்றழுகலில் போனாலும் அடுத்தது மிஞ்சும்.

கறிவேப்பிலை துளிர்க்கவில்லையே என்று யூரியாவை அள்ளிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். குளிர் கூடினால் அதன் மொட்டுகள் உறங்கிவிடும். அப்போது இடும் தழைச்சத்தைச் செடி எடுத்துக்கொள்ளாது. மாசி வெயில் ஏறத் தொடங்கியபின் ஒரு கூடை மக்கிய தொழுவுரம் போட்டால் போதும், தானாகத் துளிர்க்கும்.