பழைய டிரக் எஞ்சினுக்குப் பாயிண்டா, எலெக்ட்ரானிக் இக்னிஷனா? 1971 செவர்லே சி10-ஐ வைத்து ஒரு செய்முறை விளக்கம்

என்னிடம் இருப்பது 1971ஆம் ஆண்டு செவர்லே சி10 பிக்கப். 250 கன அங்குல எஞ்சின், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். ஜெனரல் மோட்டார்ஸ் தன் வண்டிகளில் எலெக்ட்ரானிக் இக்னிஷனைப் பரவலாகப் பொருத்தத் தொடங்கியது 1975 மாடல்களிலிருந்துதான். ஆகவே இது பாயிண்டோடு, அதாவது தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் மின்னோட்டத்தைத் திறந்து மூடி வெட்டிவிடும் தொடுமுனையோடு, வந்த வண்டி. நம் ஊர் மெக்கானிக்குகள் சி.பி. பாயிண்ட் என்று சொல்வதும் இதைத்தான். சென்ற ஆண்டு இதை எலெக்ட்ரானிக்குக்கு மாற்றி, மூன்று வாரம் அல்லாடி, கோளாறு எங்கே என்று கண்டுபிடித்த பிறகு இதை எழுதுகிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுவது, முதல் சிலிண்டரை டாப்புக்குக் கொண்டுவருவது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எலெக்ட்ரானிக் போட்டால் இழுவை கூடும் என்பதை நம்பி இறங்காதீர்கள். சரியாக வைத்த பாயிண்ட் இந்த எஞ்சினுக்குப் போதுமான தீப்பொறியைத் தருகிறது. பாயிண்டின் குறை தேய்மானம்தான். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது பாயிண்ட் விநாடிக்கு 150 முறை திறந்து மூடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டில் உள்ள மேடான கேமில் உரசும் கட்டை தேயத் தேய இடைவெளி குறைந்து, டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) தானாகப் பின்தங்கிக்கொண்டே போகும். பாயிண்டின் இடத்தில் உட்காரும் எலெக்ட்ரானிக் மாட்யூலில் உரசும் பாகம் இல்லாததால் இன்று வைத்த டைமிங் அடுத்த ஆண்டும் அப்படியே நிற்கும். ஆனால் பாயிண்ட் கெடுவதற்கு முன் பல நாள் முனகி எச்சரிக்கும், சாலையோரத்தில் ஓர் அரத்தால் தேய்த்தால் வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும். மாட்யூலோ பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி ஒரேயடியாக நின்றுவிடும். தினமும் ஓட்டுபவருக்கு எலெக்ட்ரானிக் நல்லது. மாதம் இருமுறை ஊருக்குள் ஓட்டுபவர் பாயிண்டை விட்டு எலெக்ட்ரானிக்குக்கு மாற வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து.

முதல் படி: டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்

பணம் செலவழிக்கும் முன் மூடியையும் ரோட்டரையும் கழற்றி, ஷாஃப்டின் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் பாயிண்டின் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும். காந்தத்தை உணர்ந்து இயங்கும் மாட்யூல் இந்த ஆட்டத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஆனால் அதைச் சரிசெய்யாது. ஆட்டம் அதிகமாக இருந்தால் எந்தப் பக்கம் போவதானாலும் முதலில் புஷ்ஷை மாற்றுங்கள்.

இரண்டாம் படி: பாயிண்டை ஒழுங்காக வைத்து ஓட்டிப் பாருங்கள்

எலெக்ட்ரானிக் போடத்தான் போகிறேன் என்று முடிவெடுத்தவர்களும் இதைச் செய்ய வேண்டும். இப்போது இருக்கும் கோளாறு பாயிண்டால் வந்ததா, கார்புரேட்டரால் வந்ததா என்பது இல்லாவிட்டால் தெரியவே தெரியாது.

புதிய பாயிண்டின் முகத்தில் துருப்பிடிக்காமலிருக்க மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசியிருப்பார்கள். வெள்ளை அட்டையை விரல் அகலத்துக்கு வெட்டி, மூடிய பாயிண்டுக்கு இடையே செருகி இழுங்கள். அட்டையில் சாம்பல் நிறக் கோடு விழும். கோடு விழாத வரை இழுத்துத் துடையுங்கள். புதுப் பாயிண்ட் போட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்று புலம்புபவர்களில் பலர் இதைச் செய்திருக்க மாட்டார்கள். கேமில் தீக்குச்சித் தலையளவு கிரீஸ் போதும். கூடினால் அது தெறித்துப் பாயிண்டின் மேலேயே விழும்.

கட்டை கேமின் உயரமான முனையில் நிற்கும்போது இடைவெளி புதிய பாயிண்டுக்கு 0.019 அங்குலம், ஏற்கெனவே ஓடிய பாயிண்டுக்கு 0.016 அங்குலம். பாயிண்டைப் பிடித்திருக்கும் குட்டித் திருகை இறுக்க, காந்த முனை உள்ள ஸ்க்ரூடிரைவரை மட்டுமே பயன்படுத்துங்கள். திருகு தவறி, வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்தள்ளும் அட்வான்ஸ் எடைகளுக்கு நடுவே விழுந்தால் முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் வெளியே எடுக்க நேரிடும்.

பிறகு ட்வெல் மீட்டர். பாயிண்ட் மூடியிருக்கும் நேரத்தில் ஷாஃப்ட் சுழலும் கோணமே ட்வெல். இந்த எஞ்சினுக்கு ட்வெல் 31 முதல் 34 டிகிரி. முள் உள்ள பழைய வகை மீட்டரையே நான் பரிந்துரைப்பேன். ஷாஃப்ட் தள்ளாடினால் முள் நடுங்குவது கண்ணுக்குத் தெரியும், டிஜிட்டல் மீட்டரில் எண்கள் தாவுவதிலிருந்து அதைப் புரிந்துகொள்வது கடினம். ட்வெல்லை முதலில் வையுங்கள், டைமிங்கைப் பிறகு வையுங்கள். ட்வெல் ஒரு டிகிரி மாறினால் டைமிங்கும் ஒரு டிகிரி மாறும், ஆனால் டைமிங்கை மாற்றுவதால் ட்வெல் மாறாது.

மூன்றாம் படி: காயிலுக்கு எத்தனை வோல்ட் வருகிறது?

நான் சறுக்கியது இங்கேதான். ஆகவே இதை விரிவாகவே சொல்கிறேன்.

சாவியை ரன் நிலையில் வைத்தால் இந்த வண்டியில் காயிலுக்கு முழு 12 வோல்ட் போவதில்லை. தீச்சுவரிலிருந்து (எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவே உள்ள தடுப்பு) காயிலின் பிளஸ் முனைக்கு வரும், துணி உறை போர்த்திய வயர் சாதாரண வயர் அல்ல. அது ஏறத்தாழ 1.8 ஓம் மின்தடை கொண்ட ரெசிஸ்டன்ஸ் வயர். பாயிண்ட் கருகாமலிருக்க மின்னோட்டத்தைக் குறைப்பது அதன் வேலை. ஸ்டார்ட்டர் சுழலும் நேரத்தில் மட்டும், ஸ்டார்ட்டர் சோலனாய்டில் ஆர் (R) என்று குறித்த முனையிலிருந்து வரும் இன்னொரு வயர் முழு வோல்ட்டைக் கொடுக்கும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டுதான் வேலையைத் தொடங்கினேன். சாவியைப் போட்டு, காயில் பிளஸ்ஸில் மல்டிமீட்டரை வைத்தேன், 12.4 காட்டியது. முந்தைய உரிமையாளர் ரெசிஸ்டன்ஸ் வயரை நீக்கிவிட்டார் என்று முடிவு செய்து, மாட்யூலின் சிவப்பு வயரைக் காயில் பிளஸ்ஸிலேயே இணைத்துவிட்டேன். எஞ்சின் உடனே பிடித்தது. ஆனால் இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகு, ஹெட்லைட் எரியச் சிக்னலில் ஐட்லில் நிற்கும்போது அணைந்துவிடும். கால் மணி நேரம் ஆறினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர், பெட்ரோல் குழாய் சூடாவது என்று வரிசையாகச் சந்தேகப்பட்டதில் மூன்று வாரம் போயிற்று.

தவறு அளந்த விதத்தில் இருந்தது. நான் அளந்தபோது பாயிண்ட் திறந்த நிலையில் நின்றிருக்கிறது. பாயிண்ட் திறந்திருந்தால் காயில் வழியே மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லாவிட்டால் எந்த மின்தடையிலும் வோல்ட் இறங்காது. ஆகவே ரெசிஸ்டன்ஸ் வயர் இருந்தாலும் பேட்டரியின் முழு வோல்ட்டே மீட்டரில் தெரியும். பாயிண்ட் மூடிய நிலையில் அளந்திருந்தால் ஏறத்தாழ 6 வோல்ட் காட்டியிருக்கும். மாட்யூல் தடுமாறியது அந்தக் குறைந்த வோல்ட்டில்தான். காயிலின் மைனஸ் முனையை ஒரு வயரால் எஞ்சின் உடலோடு சில விநாடிகள் சேர்த்துப் பிடித்து, அப்போது பிளஸ்ஸை அளப்பதே ஐயமற்ற முறை.

உங்கள் வண்டியிலும் அப்படிக் குறைவாகக் காட்டினால் மாட்யூலின் சிவப்பு வயருக்கு ஃபியூஸ் பெட்டியிலிருந்து முழு 12 வோல்ட்டைத் தனியாகக் கொண்டுவாருங்கள். காயிலைப் பொறுத்தவரை இரண்டு வழி உண்டு. பழைய காயிலையே வைத்துக்கொண்டு அதற்கு மட்டும் ரெசிஸ்டன்ஸ் வயரை அப்படியே விடலாம். அல்லது காயிலுக்கும் முழு வோல்ட் கொடுத்து, முதன்மைச் சுற்று 3 ஓம் உள்ள காயிலாக மாற்றலாம். 1.5 ஓம் காயிலுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் 8 ஆம்பியர் வரை ஓடி மாட்யூலைச் சுட்டுவிடும். 3 ஓமுக்கு அது 4 ஆம்பியர்தான். நான் இரண்டாம் வழியில் போனேன். அதன்பின் ஒருமுறைகூடச் சிக்னலில் அணையவில்லை.

நான்காம் படி: மாட்யூல் பொருத்துதல்

இது பத்து நிமிட வேலை. பாயிண்டும் கண்டென்சரும் வெளியே வரும், மாட்யூல் அதே தட்டில் உட்காரும், காந்த வளையம் ரோட்டருக்கு அடியில் போகும். கறுப்பு வயர் காயில் மைனஸ்ஸுக்கு. வேக்குவம் அட்வான்ஸ் தட்டு நகரும்போது வயர் இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். பிளக் வயர்கள் உள்ளே உலோகக் கம்பி கொண்டவையாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அவை எழுப்பும் மின் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும். பிறகு வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, டைமிங் லைட்டால் எஞ்சின் அறையில் ஒட்டியுள்ள தாளில் இருக்கும் அளவுக்கு டைமிங் வையுங்கள். பாயிண்டுக்கு வைத்த டைமிங் மாட்யூலுக்குப் பொருந்தாது. இதைத் தவிர்க்க முடியாது.

பின்னர் சேர்த்தது

சாவியைத் திருப்பியிருக்கும்வரை எஞ்சின் பிடிப்பதில்லை, கையை விட்ட கணத்தில் பிடிக்கிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் ஃபியூஸ் பெட்டியில் தேர்ந்தெடுத்த முனை, ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்சாரம் நிற்கும் முனை. ரன், ஸ்டார்ட் இரண்டு நிலையிலும் 12 வோல்ட் வருகிறதா என்று ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி அளந்த பிறகே வயரை இணையுங்கள். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மீண்டும் சேர்த்தது

எஞ்சின் ஓடாதபோது சாவியை ரன்னில் விட்டு ரேடியோ கேட்டதில் மாட்யூல் போய்விட்டதாக இன்னொருவர் தெரிவித்தார். எளிய வகை மாட்யூல்களுக்கு இந்த ஆபத்து உண்மையிலேயே உண்டு. ரேடியோவுக்குச் சாவியை ஆக்சஸரி நிலையில் வையுங்கள். கழற்றிய பாயிண்டையும் கண்டென்சரையும் தூக்கி எறியாமல், அந்தக் குட்டித் திருகோடும் ஒரு ஸ்க்ரூடிரைவரோடும் துணியில் சுற்றி டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவிடுங்கள். மூன்று ஓம் காயிலில் முழு வோல்ட்டிலும் பாயிண்ட் ஓடும் என்பதால், மாட்யூல் வழியில் நின்றாலும் அரை மணி நேரத்தில் பழையபடி மாற்றி வீட்டுக்கு வந்துவிடலாம்.