படாக் மரத்தில் உளி வைக்கும் முன்

பட்டறைப் பக்கம் வரும் இளைஞர்கள் பலருக்கு இப்போது படாக் மேல் ஒரு மோகம். தேக்கில் நாலைந்து நாற்காலி, ஒரு மேசை செய்து கை பழகியதும் அடுத்து நிற்பது படாக் விற்கும் மரக்கடை வாசலில்தான். தப்பில்லை, நல்ல மரம். தேக்கு கன மீட்டருக்கு ஏறக்குறைய 650 கிலோ என்றால் ஆப்பிரிக்கப் படாக் 750 கிலோ பக்கம் வரும். அந்தக் கனத்துக்கு உளி சுலபமாகவே இறங்கும். டவ்டெயில், அதாவது புறா வால் வடிவ மூட்டு, வெட்டினால் ஓரம் உதிராது. வைரத்தை, அதாவது நடுவில் முற்றிய கட்டையை, கறையான் அவ்வளவாக அண்டாது. ஆனால் செய்ததைக் கொண்டுவந்து காட்டும்போது பார்த்தால், நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் இருக்கின்றன. உளியைத் தீட்டுங்கள், மூலைமட்டம் வைத்துப் பாருங்கள் என்பதெல்லாம் உங்கள் மேஸ்திரி சொல்லியிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரை நம்பி வாங்குவது

கடையில் ‘அந்தமான் படாக்’ என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அந்தமான் படாக் உண்மையான மரம்தான், அந்தத் தீவுகளின் மாநில மரமும் அதுதான். போர்ட் பிளேர் பக்கத்தில் 1883-இல் தொடங்கிய சாத்தம் மர ஆலை ஒரு காலத்தில் அதை அறுத்துத் தள்ளியது. ஆனால் 2002-இல் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டுப்பாடுகளுக்குப் பிறகு அங்கிருந்து இந்தப் பக்கம் மரம் வருவது அரிதாகிவிட்டது. பர்மா படாக் என்றால், மியான்மர் 2014-இலேயே உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆக, உங்கள் முன்னால் கிடப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. அதுவும் மட்டமான மரம் இல்லை. அந்தமான் பெயரைச் சொல்லிக் கன அடிக்குக் கூடுதல் விலை கேட்கும்போதுதான் யோசிக்க வேண்டும்.

ஆப்பிரிக்கப் படாக்குக்கும் 2023 பிப்ரவரி முதல் சைட்ஸ் (அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) கட்டுப்பாடு வந்துவிட்டது. உரிமத்தோடு இறக்குமதியான சரக்கா என்று கேளுங்கள், பில் வாங்குங்கள். பில் தர மழுப்பும் கடையில் பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

சிவப்பைப் பார்த்துப் பலகை பொறுக்குவது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் தரும் தவறு. காசும் இதில்தான் அதிகம் போகிறது.

கடையில் நடப்பது இப்படி. அடுக்கில் கிடக்கும் பலகை மேலே பழுப்பாக, தூசி படிந்து இருக்கும். கடைப் பையன் இழைப்புளியால் ஒரு சீவு சீவுவான். உள்ளே குங்குமமும் ஆரஞ்சும் கலந்த ஒரு சிவப்பு பளிச்சென்று எழும். அவன் கொஞ்சம் தண்ணீரையும் தெளிப்பான். அவ்வளவுதான், வாங்க வந்தவர் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார். எந்தப் பலகை அதிகச் சிவப்போ அதை எடுத்து வைக்கச் சொல்வார். நார் எப்படி ஓடுகிறது, முனையில் வெடிப்பு இருக்கிறதா, ஓரத்தில் வைரம் பாயாத வெள்ளைக் கட்டை எவ்வளவு, எதுவும் கண்ணில் படாது.

அந்தச் சிவப்பு நிற்காது. வெளிச்சமும் காற்றும் பட்டால் படாக்கின் நிறம் மாறும். முதலில் ஆரஞ்சு ஒளி போகும், அப்புறம் செம்பழுப்பாகும், கடைசியில் நல்ல அடர் பழுப்பில் போய் நிற்கும். ஜன்னல் ஓரம் என்றால் சில மாதங்களிலேயே மாற்றம் தெரியும். இருட்டான மூலை என்றால் மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். கடையில் சீவுவதற்கு முன் அந்தப் பலகை மேலே பழுப்பாக இருந்ததே, அதுவே சாட்சி. மறுபடி சீவினால் மறுபடி சிவப்பு வரும், ஏனென்றால் மாறியது மேல்தோல் மட்டும்தான். ஆனால் செய்து முடித்த அலமாரியை வருடா வருடம் யார் சீவப் போகிறார்கள்?

பட்டறைக்கு வந்துபோகும் ஒரு தம்பி, கைவேலை சுத்தமானவன், ஒரு வீட்டுக்குப் பூஜை அலமாரி செய்தான். வீட்டுக்கார அம்மா கேட்டது ‘குங்குமச் சிவப்பு’. இவனும் கடையில் இருந்ததிலேயே சிவந்த பலகைகளைத் தேடி எடுத்துச் செய்து, பாலிஷ் போட்ட ஈரம் காய்ந்ததும் கொண்டுபோய் வைத்துவிட்டான். எல்லோருக்கும் சந்தோஷம். பாதி வருடம் போனதும் போன் வந்தது. “தம்பி, நான் கேட்டது செவப்பு மரம். நீ வேற எதையோ வெச்சு அடிச்சிருக்கே.” போய்ப் பார்த்தால் ஜன்னல் பக்கக் கதவு பழுப்பு, உள்தட்டு சிவப்பு. தட்டில் சாமி படம் வைத்திருந்த இடம் மட்டும் சதுரமாக ஆரஞ்சு நிறத்தில் நின்றது.

இதுவரைக்கும் சமாளித்திருக்கலாம். மரத்தின் குணம் இது, போகப் போக எல்லாம் ஒரே பழுப்பில் வந்து சேரும் என்று எடுத்துச் சொல்லியிருந்தால் அந்த அம்மா கேட்டிருக்கக்கூடும். அவன் பயந்துபோய் இரண்டு கதவுகளைப் புதிய பலகையில் திரும்பச் செய்தான், சிவப்பு ஸ்டெயின், அதாவது மரச்சாயம், ஏற்றி மாட்டினான். இப்போது கதவு ரத்தச் சிவப்பு, சட்டம் பழுப்பு. அப்புறம் சட்டத்துக்கும் ஸ்டெயின். சிவப்பு கூடக் கூட மரத்தின் கோடெல்லாம் மங்கி, பக்கத்தில் நின்று பார்த்தால் பெயின்ட் அடித்த பிளைவுட் போல ஆகிவிட்டது. மரத்துக்கும் கூலிக்கும் போன பணம் அவன் கையிலிருந்து. படாக் விலைக்கு வாங்கி, ஸ்டெயின் அடித்த ரப்பர் மரத்தின் முகத்தைக் கொண்டுவருவது என்ன கணக்கோ தெரியவில்லை.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பாலிஷ் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, நிறம் மாறுவதைத் தள்ளிப்போடும். நிறுத்தாது. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சத்துக்கும் இதில் பங்கு உண்டு. ‘நிறம் போகாது’ என்று எந்த டப்பாவைக் காட்டிச் சொன்னாலும் அதை நம்பி வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சரி, என்ன செய்வது? ஒவ்வொரு பலகையிலிருந்தும் கையகலத் துண்டு ஒன்றை அறுத்து எடுங்கள். பாதியை அட்டையால் மூடிக் கட்டி மொட்டை மாடி வெயிலில் இரண்டு வாரம் போடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது போதும். அட்டையைப் பிரித்தால் இன்றைய நிறமும் வரப்போகும் நிறமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பலகைகளை ஜோடி சேர்க்க வேண்டியது அந்தப் பழுப்பைப் பார்த்துத்தான். கடையில் ஒன்றுபோல் சிவந்திருந்த இரண்டு பலகைகள் வெயிலுக்குப் பின் ஒன்று காபிக்கொட்டை நிறத்திலும் ஒன்று வெளிறியும் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே கதவில் அவற்றைப் பக்கத்தில் வைத்தால் எந்தப் பாலிஷும் காப்பாற்றாது. அந்தத் துண்டையே வாடிக்கையாளர் கையிலும் கொடுத்துவிடுங்கள். பழுப்பைப் பார்த்து ‘வேண்டாம்’ என்றால் முன்பணம் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

முடித்த சாமானை உடனே கொண்டுபோய் வைக்காமல் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகப் படும்படி பட்டறையில் கொஞ்ச நாள் நிறுத்துவது என் வழக்கம். வாடிக்கையாளரிடமும், முதல் சில மாதம் மேலே எதையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவேன்.

துணி சோதனை

தின்னர் நனைத்த துணியில் சிவப்பு ஒட்டினால் அது சாயம் பூசிய மரம் என்று ஒரு பேச்சு உண்டு. மற்ற மரத்துக்குச் சரி. அசல் படாக்கும் துணியில் சிவப்பு விடும். முனையில் ஒரு அங்குலம் அறுத்து, உள்ளேயும் அதே நிறம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெட்பாலை பதித்து அரக்கு பாலிஷ் போடுவது

சிவப்புக்கு நடுவே வெள்ளை இழை ஓடினால் அழகுதான். வெட்பாலை தந்தம் போல வெளுப்பாக இருக்கும், மெல்லியதாக அறுத்தாலும் ஒழுங்காக நிற்கும், அதனால் பதிப்பு வேலைக்கு எனக்குப் பிடித்த மரம். கஷ்டம் பதித்த பிறகுதான். படாக்கின் சிவப்புச் சாயம் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, ஸ்பிரிட்டில் தாராளமாகக் கரையும். அரக்கு பாலிஷ் என்பதே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. பஞ்சை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தால் படாக்கின் சிவப்பு வெட்பாலை மேல் ஏறி ரோஜா நிறமாகிவிடும். உள்ளே இறங்கிய சாயத்தைத் துடைத்து எடுக்க முடியாது.

அதற்கும் முன்பே உப்புத்தாள் வேலையில் பாதிக் கெடுதல் நடந்திருக்கும். படாக் தூள் மாவு மாதிரி மெல்லியது, வெள்ளை மரத்தின் துளைகளில் போய் அடைந்துகொள்ளும். அதனால் பதிப்பு இருக்கும் இடத்தில் உப்புத்தாளைக் குறைத்து, கூரான சுரண்டு தகட்டால் வெள்ளை இழையின் நீளவாக்கிலேயே இழுங்கள். தூளை ஈரத்துணியால் துடைக்காமல் வாக்குவத்தால் உறிஞ்சுங்கள். பாலிஷின் முதல் இரண்டு மூன்று பூச்சை ஸ்பிரேயில் மெல்லியதாக, ஈரம் தேங்காமல் அடியுங்கள். அது காய்ந்து மூடிய பிறகு பஞ்சு எடுக்கலாம். மரம் வீணாகாமல் இருக்க ஒரு கழிவுத் துண்டில் வெட்பாலையை ஒட்டி முதலில் அதில் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்த வெள்ளைக்கு எதிரே நிற்கப் போவது நாளடைவில் பழுப்புதான். அதையும் யோசித்து வடிவம் போடுங்கள்.

‘காய்ஞ்ச மரம்தான்’ என்று கடைக்காரர் சொன்னது

படாக் அதிகம் அசையாத மரம் என்று பெயர் வாங்கியது. அந்தப் பெயரை நம்பிச் சிலர் ஈரமே பார்ப்பதில்லை. பச்சையிலிருந்து முழுதாகக் காயும்போது ஆப்பிரிக்கப் படாக், மரத்தின் குறுக்கு வெட்டில் தெரியும் வளர்ச்சி வளையத்தின் போக்கில் 5.2 சதவீதமும், வளையத்துக்குக் குறுக்கே 3.3 சதவீதமும் சுருங்கும். மழைக்காலத்தில் சென்னை மாதிரிக் கடலோர ஊர்க் கொட்டகையில் கிடந்த பலகையின் ஈரம் 16 சதவீதம் என்று வையுங்கள். அதில் செய்த அலமாரி எந்நேரமும் ஏசி ஓடும் அறைக்குப் போய் 9 சதவீதத்துக்கு இறங்கினால், வளையம் படுத்திருக்கும் 300 மில்லிமீட்டர் பலகை மூன்றரை மில்லிமீட்டர் குறுகும். வளையம் செங்குத்தாக நிற்கும் பலகை என்றால் இரண்டு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். சட்டத்தில் வெட்டிய காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பெவிகால் போட்டுப் பலகையை இறுக்கியிருந்தால் அது நடுவில் பிளக்கும். காடிக்குள் பசை வேண்டாம், பலகை நகர இடம் விடுங்கள்.

ஈரமானியைப் பலகையின் மேல்பரப்பில் மட்டும் குத்தாதீர்கள். முனையிலிருந்து ஓர் அடி தள்ளி அறுத்து, அந்தப் புது வெட்டின் நடுவில் குத்துங்கள்.

எதிர் நார்

பட்டை பட்டையாக நார் திசை மாறும். பிய்ந்து வந்தால் பிளேடைத் தீட்டுங்கள், மெல்லியதாகச் சீவுங்கள், மீதியைச் சுரண்டு தகட்டுக்கு விடுங்கள்.

படாக் கிடைக்காவிட்டால் செம்மரம்?

வேண்டாம். வனத்துறை அனுமதிச் சீட்டு இல்லாத செம்மரத் துண்டு பட்டறையில் கிடந்தாலே வழக்குதான்.

தூள்

முகக்கவசம் போடுங்கள், இருமல் வந்த பிறகு இல்லை.

ஒட்டும் முன் தின்னர் துடைப்பது

ஈட்டி, தேக்கு மாதிரி எண்ணெய்ப் பசை உள்ள மரங்களுக்குச் சொல்லும் யோசனை இது. யாரோ அதைப் படாக்குக்கும் சொல்லிவிட்டார்கள். புதிதாக இழைத்த படாக் சாதாரண வெள்ளைப் பசையிலேயே நன்றாகப் பிடிக்கும். தின்னர் போட்டுத் துடைத்தால் கிடைப்பது சிவப்புக் கறை மட்டும்தான். அது டவ்டெயிலின் அந்தப் பக்கம் வெளுத்த மரம் இருந்தால் அதன் மேலும் ஏறும். இழைத்த அன்றே ஒட்டுங்கள். ஒரே நாளில் வெள்ளை மரமும் படாக்கும் தேய்க்க வேண்டியிருந்தால் வெள்ளை மரத்தை முதலில் முடித்து, துணி போட்டு மூடிவிட்டுப் படாக்கைத் தொடுங்கள்.