மோட்டார் தொலைநோக்கி: முதல் இரவில் சொதப்பாமல் இருக்க

ரிமோட்டில் ஆர்க்ட்யூரஸ் நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தேன். மோட்டார் உறுமியது, குழாய் கம்பீரமாகத் திரும்பியது, கிழக்கே ஒன்றுமே இல்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. மூன்று இரவுகள் இதே கதை. கருவியைத் திருப்பி அனுப்பப் பெட்டியைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன்.

முக்காலியைச் சமமாக நிறுத்துவது, குழாயைப் பொருத்துவது எல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. ஃபைண்டரை, அதாவது குழாயின் மேல் இருக்கும் குறிபார்க்கும் சிறு தொலைநோக்கியை, சரிசெய்வதை மட்டும் பகலிலேயே முடித்துவிடுங்கள். தொலைவில் உள்ள ஒரு கோபுர உச்சியைக் கண்ணருகு வில்லையின் நடுவில் கொண்டுவந்து, அதே உச்சி ஃபைண்டரிலும் நடுவில் வரும்வரை திருகுகளைத் திருப்புங்கள். சூரியன் இருக்கும் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது, கண் பறிபோய்விடும்.

மின்சாரத்துக்கு, உள்ளே போடும் சிறு பேட்டரிகளை நான் நம்புவதில்லை. மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் ஒழுங்காக நிற்காமல், பேய் பிடித்ததுபோல் சுற்றும். தனி 12 வோல்ட் பேட்டரி ஒன்று வாங்கிவிடுங்கள்.

இனி என்னைக் கவிழ்த்த இடம். ரிமோட் தேதி கேட்டது. மார்ச் 5 என்பதால் 05/03 என்று கொடுத்தேன். அதுவோ மாதத்தை முதலில் படிக்கும் ரகம். மே 3 என்று எடுத்துக்கொண்டது. நட்சத்திரங்கள் நாளுக்குச் சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன, அதாவது ஏறத்தாழ 1 பாகை. 59 நாள் தவறினால் வானமே 58 பாகை நகர்ந்துவிடுகிறது. மார்ச் மாத இரவு 7 மணிக்கு ஆர்க்ட்யூரஸ், அதாவது நம் சுவாதி, உதிக்கவே இல்லை. பாவம், கருவி மே மாத வானத்தில் அதைத் தேடிக்கொண்டிருந்தது.

அடுத்து வரும் கோடைக்கால நேரம் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் வழக்கம்) பற்றிய கேள்வியும் இதே வகைக் கண்ணிதான். உங்கள் ஊரில் அந்த வழக்கம் இல்லையென்றால் 'இல்லை' என்றே கொடுங்கள். ஒரு மணி நேரப் பிழை என்றால் 15 பாகை. முழுநிலவை முப்பது முறை பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் வரும் அகலம். அட்சரேகையைப் பாகை, கலையாகக் (ஒரு பாகைக்கு 60 கலை) கேட்டால் 11.50 என்பதை 11 பாகை 30 கலை என்று மாற்றிக் கொடுக்க வேண்டும், 50 கலை அல்ல.

அலைன்மென்டுக்கு, அதாவது கருவிக்கு வானத்தை அடையாளம் காட்டுவதற்கு, வானத்தில் நன்றாக விலகியிருக்கும் இரண்டு நட்சத்திரங்களை எடுங்கள். துருவ நட்சத்திரமும் உச்சந்தலைக்கு மேலே இருப்பவையும் வேண்டாம். ரிமோட்டில் வரும் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம், பாதி நமக்குத் தெரிந்தவைதான்: பீட்டல்ஜூஸ் திருவாதிரை, ஸ்பைக்கா சித்திரை, அண்டாரஸ் கேட்டை. நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவரும்போது கடைசி நகர்த்தல் எப்போதும் மேல், வலது பொத்தான்களால் இருக்கட்டும். பெரும்பாலான கருவிகளில் பற்சக்கரங்களுக்கு இடையே உள்ள தொய்வு அப்போதுதான் ஒரே பக்கமாக இறுகும். தாண்டிப் போய்விட்டால், கொஞ்சம் பின்னால் போய் மறுபடியும் மேல், வலது.

அலைன்மென்ட் முடிந்தபின் குழாயைக் கையால் தள்ளினால் எல்லாம் முதலிலிருந்து.

பிற்சேர்க்கை: "நட்சத்திரங்கள் சரியாக வருகின்றன, சந்திரன் மட்டும் வரவில்லை" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதுவும் பெரும்பாலும் தேதிப் பிழைதான். இரண்டு நட்சத்திரங்களைத் தேடிப்பிடித்து நடுவில் வைத்துவிட்டால், மற்ற நட்சத்திரங்களைப் பொறுத்தவரை அந்தப் பிழை மறைந்துவிடும். சந்திரனோ நட்சத்திரங்களுக்கிடையே நாளுக்கு 13 பாகை நகர்வது. தவறான தேதியில் அது இருக்கும் இடமே வேறு.

இன்னொருவருக்குக் குழாய் பாதி வழியில் முனகிக்கொண்டு நின்றுவிடுகிறதாம். மின்கம்பி முக்காலியின் காலைச் சுற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எனக்கு இரண்டு சுற்று சுற்றியிருந்தது.