பயாலஜிக் ஊசியும் தோலும்: எதைப் பொறுக்கலாம், எதற்கு ஓட வேண்டும்

முடக்குவாதத்துக்கு எடானெர்செப்ட், அடாலிமுமாப் போன்ற பயாலஜிக் ஊசிகளை (நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் புரத மருந்துகள்) வீட்டிலேயே போட்டுக்கொள்பவர்கள் தோலில் எதைக் கண்டாலும் முதலில் பார்க்க வேண்டியது, அது குத்திய இடத்தில் வந்ததா, வேறெங்காவது வந்ததா என்பதைத்தான்.

குத்திய இடத்துச் சிவப்பும் அரிப்பும் பெரும்பாலும் முதல் மாதத்தில் வரும். மூன்று முதல் ஐந்து நாளில் அடங்கிவிடும். இதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம், போடும் விதத்தைச் சரிசெய்தால் போதும். ஊசியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றாமல் 15 முதல் 30 நிமிடம் வெளியே வையுங்கள். குளிர்ந்த மருந்து அதிகம் வலிக்கும். வெந்நீரில் வைத்துச் சூடாக்கினாலோ மருந்தே கெட்டுவிடும், அது புரதம். ஸ்பிரிட் நன்றாக உலர்ந்த பிறகு குத்துங்கள். தொடையின் முன்புறம், வயிறு என மாற்றி மாற்றிப் போடுங்கள். பழைய இடத்திலிருந்து 3 செ.மீ., தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளியிருக்கட்டும். போட்டபின் தேய்க்க வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை பத்து நிமிடம் வைக்கலாம்.

சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவி, தொட்டால் சுட்டால் தோலடித் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள். டோசிலிசுமாப் என்ற இன்னொரு பயாலஜிக் ஊசியைப் போடுபவர்கள் காய்ச்சல் இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. அந்த மருந்து காய்ச்சலையும், ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவையும் அமுக்கிவிடும்.

உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எரிச்சல், பிறகு நீர்க்கொப்புளம் என்றால் அக்கி. காவி பூசி அக்கி எழுதுவதில் நாளைக் கடத்தாதீர்கள். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. அடுத்த ஊசியைப் போடுமுன் மருத்துவரைக் கேளுங்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்கே ஆபத்து. அன்றே கண் மருத்துவரையும் பாருங்கள்.

உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் என்றால் யோசிக்காமல் 108.

உள்ளங்கை, உள்ளங்காலில் சீழ்க்கொப்புளமோ தலையில் செதிலோ வந்தால் அது சொரியாசிஸாக இருக்கலாம். சொரியாசிஸுக்கே தரப்படும் அடாலிமுமாப் சிலருக்கு அதையே கிளப்பிவிடும், மாதங்கள் கழித்தும்கூட. படர்தாமரை என்று நினைத்துக் கடையில் கிரீம் வாங்கிப் பூசாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அடையாளமே குழம்பிவிடும். பூசுவதற்கு முன்பே தேதியோடு படம் எடுத்து மூட்டு மருத்துவருக்கும் தோல் மருத்துவருக்கும் காட்டுங்கள். லேசாக இருந்தால் பூச்சு மருந்தோடு அதே ஊசியைத் தொடர முடியும். கடுமையானால் வேறு வகை மருந்துக்கு மாற்றுவார்கள்.