மழைக்கு ரோடு மூடினால் சம்பளம் யார் போடுவது?

இலங்கை மலைநாட்டில், ஒரு சர்வதேச நிறுவனத்தின் ஹட்டன் கிளையில் கணக்கு பார்க்கிறேன். ஜெனிவா தலைமையிடமிருந்து ‘தொழில் தொடர்ச்சித் திட்டம்’, அதாவது ஆபத்து வந்தாலும் வேலை நிற்காமல் நடக்க ஒரு திட்டம், எழுதச் சொல்லி ஒரு படிவம் வந்தது. முதல் பக்கமே பூகம்பம், பனிப்புயல் என்று ஆபத்துப் பட்டியல். நுவரெலியாவில் ஜனவரியில் புல் மேல் பனி உறையும், அவ்வளவுதான். நீங்கள் எழுதுவதாக இருந்தால் அந்தப் பக்கத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

முதலில் வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் நின்றால் யாருக்கு அடி விழும்? மாத அறிக்கை ஒரு வாரம் தாங்கும். சம்பளம் ஒரு நாள்கூடத் தாங்காது. இந்தத் திட்டங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 22301-உம் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது.

அப்புறம் மாற்று இடம். எங்கள் பழைய திட்டத்தில் அது நுவரெலியா என்று இருந்தது. வரைபடத்தில் பார்க்க நல்ல யோசனைதான். ஆனால் ஹட்டனில் மண்சரிவு வரும் அளவுக்கு மழை பெய்தால் நுவரெலியா ரோடு மட்டும் திறந்தா இருக்கும்? ஒரே மழை இரண்டையும் அடைக்காத இடமாகப் பாருங்கள். நாங்கள் மலைக்கு வெளியே இருக்கும் குருநாகலுக்கு மாற்றினோம்.

ஜெனரேட்டர் இருக்கிறது என்று எழுதினால் போதாது. 2022 மார்ச் கடைசியில் கரண்ட் 13 மணி நேரம் போனது. எங்களிடம் ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. டவர் பேட்டரி இறங்கியதும் போனும் செத்தது. அதனால் ஆட்களின் நம்பர், வீட்டுக்குப் போகும் வழி எல்லாம் தாளில் இருக்கட்டும்.

திட்டத்தை யார் தொடங்குவது என்பதையும் பதவி போட்டு எழுதுங்கள். ஜூன் மாதம் இங்கே காலை 6 மணி என்றால் ஜெனிவாவில் இரவு 2:30; அங்கே கேட்டுவிட்டுத் தொடங்க முடியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று ஏறும். நாங்கள் செம்மஞ்சளிலேயே தொடங்கிவிடுகிறோம். சிவப்பு என்றால் வீட்டை விட்டே வெளியேற வேண்டும். சரிவுக்குக் கீழே தோட்ட லயத்து வீட்டில் இருப்பவர் பிள்ளைகளைப் பார்ப்பாரா, கந்தோருக்கு வருவாரா?

கடைசியாக, சொல்லாமல் ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். நான் லீவு போட்டுவிட்டு, கந்தோரில் எனக்கு அடுத்து வேலை பார்க்கும் தங்கச்சியை சம்பளம் போடச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் போன்: “அக்கா, பேங்க் டோக்கன் உங்க பையிலதானே இருக்கு?”

இருந்தது. பேங்கில் பணம் அனுப்ப ரகசிய நம்பர் தரும் அந்தச் சின்னக் கருவி, டிக்கோயாவில், என் வீட்டு ஆணியில் தொங்கிய பையில். இப்போது இரண்டாவது டோக்கன் ஒன்று குருநாகலில் இருக்கிறது.